புழுவிடம் கற்ற பல்

ரம்பங்களுக்கு அரம் போடுவது என் பிழைப்பு. சங்கிலி ரம்பத்தின் பல்லைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒரு புழுவின் தாடை தெரியும்.

1946-இல் அமெரிக்காவின் ஆரிகனில் விறகு வெட்டிக்கொண்டிருந்த ஜோசப் காக்ஸ், அடிக்கட்டைக்குள் வண்டுப் புழுவொன்றைக் கண்டார். இழைவாக்கிலும் குறுக்கிலும் அது சளைக்காமல் குடைந்தது. தாடை இடமும் வலமும் மாறி மாறி அசைந்தது. அதுவரை வந்த சங்கிலிகளில் கைரம்பப் பல்தான். ஓயாமல் அரம் கேட்கும். காக்ஸ் தாடை வளைவில், ஒன்று இடம், ஒன்று வலம் எனப் பல் வடித்தார். 1947-இல் போர்ட்லாந்தில் நிறுவனம் தொடங்கினார். இன்றைய சங்கிலிகள் பெரும்பாலும் அந்தப் பல்லின் வாரிசுகளே.

வெட்டும் வேகத்தோடு ஆபத்தும் வளர்ந்தது. சங்கிலி ஓடும் பாரின் மூக்கில் மேல்பாதி கட்டையில் பட்டால் ரம்பம் முகத்துக்கே துள்ளும். 1970-களில்தான் சங்கிலி பிரேக் பரவியது. துள்ளல் குறைக்கும் சங்கிலிகளும் பின்னர் வந்தன.

வீட்டு விறகுக்கு 14, 16 அங்குல பார் தாராளம். பிட்ச் (கண்ணிகளின் இடைவெளி), கேஜ் (பாரின் பள்ளத்தில் ஓடும் உள்கண்ணிகளின் தடிமன்), அந்த உள்கண்ணிகளின் எண்ணிக்கை மூன்றும் ரம்பத்துக்கும் பாருக்கும் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள். துள்ளல் குறைந்த சங்கிலியையே கேளுங்கள். நீளமான பார் கௌரவமல்ல, கூடுதல் ஆபத்து.