உலகச் சாம்பியன் யார்? ஒரே ஓர் ஆட்டத்தின் வரலாறு



வரலாற்றுக் கட்டுரை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது போர், ஒப்பந்தம், சுதந்திரம். விளையாட்டை யாரும் எடுப்பதில்லை. ஆனால் விளையாட்டில் ஒரு வசதி இருக்கிறது. அங்கே முடிவு எண்ணில் இருக்கும். 8-2 என்றால் 8-2தான், அதில் சண்டைக்கு இடமில்லை. சரி, அந்த 8-2 எதைக் காட்டுகிறது என்று கேட்டுப் பாருங்கள். அங்கேதான் வரலாறு ஆரம்பிக்கிறது.

இந்த இதழில் நான் எடுத்துக்கொண்டது, ரக்பி லீக் விளையாட்டில் பிரிட்டனின் சாம்பியன் கிளப்பும் ஆஸ்திரேலியாவின் சாம்பியன் கிளப்பும் மோதும் ‘வேர்ல்ட் கிளப் சேலஞ்ச்’ ஆட்டம். ஒரே ஆட்டம், ஜெயிப்பவர் உலகச் சாம்பியன். கேட்பதற்கு எளிமையாக இருக்கிறது, இல்லையா? அந்த எளிமையை நம்பலாமா என்பதுதான் நம் கேள்வி.

முதலில் ஒரு விளக்கம்

நம் பள்ளிகளில் ஆடப்படும் ரக்பி பெரும்பாலும் ரக்பி யூனியன். அதில் ஓர் அணிக்கு 15 பேர். ரக்பி லீக்கில் 13 பேர். பந்து வைத்திருக்கும் அணியை எதிரணி ஆறு முறை மடக்கிப் பிடித்துவிட்டால் பந்து கைமாறும். எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் ‘டிரை’, இன்று அதற்கு 4 புள்ளி. கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் பெனால்டிக்கும், டிரைக்குப் பிறகு உதைக்கும் கோலுக்கும் 2 புள்ளி. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பந்தைத் தரையில் தட்டி உதைக்கும் ‘டிராப் கோல்’ பொதுவாக 1 புள்ளி பெறும். இவ்வளவு தெரிந்தால் போதும்.

இரண்டாகப் பிரிந்தது ஏன்?

ஒரே ரக்பி இரண்டானதற்குக் காரணம் கூலி. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வட இங்கிலாந்தின் ஆட்டக்காரர்களில் பலர் சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்தவர்கள். சனிக்கிழமையும் அவர்களுக்கு வேலை இருந்தது. ஆடப் போனால் அன்றைய கூலி போச்சு. இழந்த கூலியையாவது கொடுங்கள் என்று வடக்கத்திக் கிளப்புகள் கேட்டன. 1893இல் இது ரக்பி சங்கத்தின் பொதுக்கூட்டத்துக்கு வந்தது. 282க்கு 136 என்ற வாக்கில் கோரிக்கை தோற்றது. பணம் வாங்கிக்கொண்டு ஆடுவது கௌரவமில்லை என்பது வசதி படைத்தவர்களின் வாதம். வசதி இருப்பவருக்கு அப்படிப் பேசுவது சுலபம்!

1895 ஆகஸ்ட் 29ஆம் நாள், ஹடர்ஸ்ஃபீல்டு நகரத்தின் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய வடக்கத்திக் கிளப்புகள் பிரிந்துபோய்த் தனிச் சங்கம் தொடங்கின. ஒரு நாள் வேலை இழப்புக்கு 6 ஷில்லிங் வரை கொடுக்கலாம் என்று விதி வந்தது. 1906இல் அணி 13 பேராகக் குறைந்தது. அடுத்த ஆண்டே இந்தச் சிந்தனை சிட்னிக்கும் போனது. அங்கே அடிபட்டு வேலைக்குப் போக முடியாத ஆட்டக்காரருக்கு இழப்பீடு கிடைக்கவில்லை என்ற மனக்குறை. 1908இல் சிட்னியில் ரக்பி லீக் போட்டி தொடங்கிவிட்டது.

ஆக, பூமியின் இரண்டு ஓரங்களில், ஒரே மாதிரியான உழைப்பாளர் குறையிலிருந்து ஒரே விளையாட்டு வளர்ந்தது. இரண்டு பக்கமும் தனித்தனி லீக், தனித்தனி சாம்பியன். அப்படியானால் இருவரில் யார் பெரியவர்? இந்தக் கேள்வி வராமல் இருக்குமா?

முதல் ஆட்டமும் பத்து நாள் கணக்கும்

1976 ஜூன் 29ஆம் நாள் முதல் முயற்சி நடந்தது. பிரிட்டனின் செயின்ட் ஹெலன்ஸ், சிட்னியின் ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் அணியை அதன் சொந்த நகரத்திலேயே சந்தித்தது. ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் 25-2 என வென்றது. அதற்குப் பிறகு 11 ஆண்டுகள் எதுவும் இல்லை.

1987 அக்டோபர் 7ஆம் நாள், இங்கிலாந்தின் விகன் கிளப் சிட்னியின் மேன்லி அணியைத் தன் சென்ட்ரல் பார்க் திடலுக்கு அழைத்து ஆடியது. ஒரு டிரை கூட விழவில்லை. விகனின் டேவிட் ஸ்டீபன்சன் உதைத்த நான்கு பெனால்டிகளால் 8-2 என விகன் வென்றது. நான் ஆரம்பத்தில் சொன்ன 8-2 இதுதான்.

இப்போது தேதிகளைக் கவனியுங்கள். மேன்லி ஆஸ்திரேலிய இறுதியாட்டத்தில் வென்றது செப்டம்பர் 27இல். அதாவது 10 நாள் முன்பு. 1989இல் கான்பரா செப்டம்பர் 24இல் பட்டம் வென்று, அக்டோபர் 4இல் மான்செஸ்டரின் ஓல்டு டிராஃபோர்டில் விட்னஸ் அணியிடம் 30-18 எனத் தோற்றது. அதுவும் 10 நாள். 1991இல் பென்ரித் செப்டம்பர் 22இல் பட்டம் வென்று, அக்டோபர் 2இல் லிவர்பூலின் ஆன்ஃபீல்டில் விகனிடம் 21-4 எனத் தோற்றது. மறுபடியும் 10 நாள்!

மூன்று முறையும் ஒரே கதை. நீண்ட பருவத்தை முடித்து, கொண்டாடி, பூமியின் மறுபக்கத்துக்குப் பறந்து வந்த அணி ஒரு பக்கம். தன் ஊரிலேயே புதுப் பருவத்தைத் தொடங்கியிருந்த அணி மறுபக்கம். பிரிட்டன் கிளப்புகள் திறமை இல்லாமல் வென்றன என்று நான் சொல்லவில்லை. அந்த எண்களோடு நாள்காட்டியையும் வரைபடத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்கிறேன்.

நாள்காட்டி மாறியபோது

1992இல் பிரிஸ்பேன் பிரான்கோஸ் செப்டம்பர் 27இல் பட்டம் வென்றது. விகனைச் சந்தித்தது அக்டோபர் 30இல். ஒரு மாதத்துக்கும் மேல் இடைவெளி. அது மட்டுமல்ல. அக்டோபர் 24இல் லண்டன் வெம்பிளியில் உலகக் கோப்பை இறுதியாட்டம் நடந்தது. பிரிட்டனை 10-6 என வென்ற ஆஸ்திரேலிய அணியில் பிரிஸ்பேன் ஆட்டக்காரர்கள் பலர் இருந்தார்கள். வெற்றிக்கான டிரையை வைத்த ஸ்டீவ் ரெனூஃபும் பிரிஸ்பேன்காரர்தான். அவர்கள் ஏற்கெனவே இங்கிலாந்தில்தான் இருந்தார்கள், நல்ல ஆட்டத் திறனிலும் இருந்தார்கள். முடிவு? பிரிஸ்பேன் 22, விகன் 8. பிரிட்டன் மண்ணில் இந்த ஆட்டத்தை வென்ற முதல் ஆஸ்திரேலியக் கிளப் அதுதான்.

இப்போது உங்களுக்கு ஒரு முடிவு தோன்றியிருக்கும். ‘சொந்தத் திடலும் ஓய்வும் யாருக்குக் கிடைத்ததோ அவருக்கே வெற்றி.’ அவசரப்படாதீர்கள். ஒரு காரணத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் அடுத்த ஆட்டம் நம்மைக் கவிழ்த்துவிடும்.

1994 ஜூன் 1ஆம் நாள். நீண்ட பருவத்தை மே மாதம்தான் முடித்திருந்த விகன், அதே பிரிஸ்பேனை அதன் ஊரிலேயே சந்தித்தது. திடலில் 54,220 பேர். பிரிஸ்பேனுக்கு அது பருவத்தின் நடுப்பகுதி, உடம்பு ஆட்டத்துக்குப் பழகியிருந்த நேரம். சாதகம் எல்லாம் ஒரே பக்கம். ஆனால் 20-14 என வென்றது விகன். பெட்ஸ், மாதர், ராபின்சன் ஆளுக்கு ஒரு டிரை வைத்தார்கள், போட்டிகா நான்கு கோல் உதைத்தார்.

இந்த ஆட்டத்தை ரசிகர்கள் இன்றும் பேசுவதற்குக் காரணம் அந்த 20-14 இல்லை. எந்தச் சூழலில் அந்த எண் கிடைத்தது என்பதுதான். சூழல் தெரியாதவருக்கு 1991இன் 21-4 பெரிய வெற்றி. தெரிந்தவருக்கு 1994இன் 20-14 அதைவிடப் பெரியது.

பெரிதாக்கிப் பார்த்த கதை

1990களின் நடுவில் தொலைக்காட்சிப் பணம் உள்ளே வந்தது. பிரிட்டனில் சூப்பர் லீக் பிறந்தது. 1996இல் அங்கே பருவமே குளிர்காலத்திலிருந்து கோடைக்கு மாறியது. ஆஸ்திரேலியாவிலும் ஒரு சூப்பர் லீக் தனியாகப் பிரிந்தது. 1997இல் இரண்டு லீக்குகளையும் சேர்த்து 22 கிளப்புகளுடன் ஓர் உலகக் கிளப் போட்டி நடத்தினார்கள். ஒரே ஆட்டத்தில் முடியாத தீர்ப்பைப் பல ஆட்டங்களில் எழுதிவிடலாம் என்ற எண்ணம்.

நடந்தது வேறு. குழுச் சுற்றின் 60 ஆட்டங்களில் ஐரோப்பியக் கிளப்புகள் வென்றவை 8 மட்டுமே. ஆனாலும் விதிப்படி காலிறுதியில் அவர்களுக்கு நான்கு இடம் இருந்தது. நான்கு பேரும் தோற்றார்கள். ஆக்லாந்தில் நடந்த இறுதியாட்டத்தில் இரண்டு ஆஸ்திரேலியக் கிளப்புகள் மோதின. பிரிஸ்பேன், ஹண்டர் மரினர்ஸ் அணியை 36-12 என வென்றது. அந்த ஹண்டர் மரினர்ஸ் கிளப்பே அந்த ஆண்டோடு மூடப்பட்டது. போட்டியும் பெரும் நட்டத்தில் முடிந்து, திரும்ப நடக்கவில்லை.

ஆட்டம் கூடினால் நியாயம் கூடும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஒருதலைப்பட்சமான ஆட்டங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்க மக்கள் வரமாட்டார்கள். 2000ஆம் ஆண்டில் பழையபடி ஒரே ஆட்டமாக இது திரும்பி வந்தது.

2000க்குப் பிறகு

புதிய நாள்காட்டியில் ஆட்டம் ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வந்தது, பெரும்பாலும் இங்கிலாந்தில். அது ஆஸ்திரேலிய அணிகளுக்குப் பருவம் தொடங்கும் முன் வரும் பயிற்சிக் காலம். 2004 முதல் 2008 வரை ஐந்து ஆண்டும் தொடர்ந்து பிரிட்டன் கிளப்புகளே வென்றன. ‘எங்களுக்கு இது பயிற்சி ஆட்டம்தான்’ என்று ஆஸ்திரேலியப் பக்கம் சமாதானம் சொல்ல வசதியாக இருந்தது. ஆனால் நாள்காட்டி பெரிதாக மாறாமலே 2009 முதல் 2016 வரை எட்டில் ஏழை ஆஸ்திரேலியக் கிளப்புகள் வென்றன. 2012இல் லீட்ஸ் மட்டும் விதிவிலக்கு. அப்படியானால் அந்தச் சமாதானம் பாதி உண்மைதான்.

இடையில் 2010 ஆட்டம் ஒரு நல்ல பாடம். மெல்பர்ன் ஸ்டார்ம் 18-10 என லீட்ஸை வென்றது. சில வாரங்களில், வீரர்களின் சம்பள உச்சவரம்பை அந்தக் கிளப் பல ஆண்டுகளாக மீறியது வெளிவந்து, பட்டம் பறிக்கப்பட்டது. அதை லீட்ஸுக்கும் கொடுக்கவில்லை. ஆட்டம் நடந்தது உண்மை, எண்ணும் உண்மை, சாம்பியன் மட்டும் இல்லை! கூலிக்காகப் பிரிந்து பிறந்த விளையாட்டில், அதிகச் சம்பளம் கொடுத்ததற்காகப் பட்டம் போனது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு 2023 பிப்ரவரி 18. தொடர்ந்து நான்கு முறை சூப்பர் லீக் வென்றிருந்த செயின்ட் ஹெலன்ஸ், பென்ரித் அணியை அதன் சொந்தத் திடலில் சந்தித்தது. கடைசி நிமிடங்களில் பென்ரித் 12-12 எனச் சமன் செய்தது. கூடுதல் நேரத்தில் முதலில் புள்ளி எடுப்பவருக்கே வெற்றி. லூயிஸ் டாட் உதைத்த ஒரு டிராப் கோலில் 13-12. 1994க்குப் பிறகு ஆஸ்திரேலிய மண்ணில் இந்த ஆட்டத்தை ஒரு பிரிட்டன் கிளப் வென்றது அப்போதுதான். இடையில் 29 ஆண்டுகள். ஒரே ஒரு புள்ளிதான், ஆனால் அதன் எடையை அந்த 29ஐ வைத்துத்தான் நிறுக்க முடியும்.

பென்ரித் பக்கமும் பாருங்கள். 2021 முதல் 2024 வரை நான்கு முறை தொடர்ந்து ஆஸ்திரேலியப் பட்டம் வென்ற பெரும் அணி. ஆனால் 1991, 2004, 2023, 2024 என இந்த ஆட்டத்தில் இறங்கிய நான்கு முறையும் தோல்வி. அதனால் பென்ரித் சிறிய அணி ஆகிவிடுமா?

கட்டுரை எழுதும்போது

மாணவர்களே, உங்கள் கட்டுரைகளில் ஆண்டும் எண்ணும் சரியாகவே இருக்கின்றன. குறைவது அவற்றுக்கு நடுவே இருக்க வேண்டிய ‘ஏன்’. இந்த ஆட்டத்தை வைத்து மூன்று பழக்கங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, ஒரு முடிவைச் சொல்லும்போது இடத்தையும் காலத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டு, ஒரு காரணம் கிடைத்ததும் அதற்கு ஒத்துவராத ஒரு நிகழ்வைத் தேடுங்கள். 1987, 1989, 1991 எல்லாம் ஒரு விதியைக் காட்டும். 1994 அந்த விதியின் எல்லையைக் காட்டும். இரண்டையும் எழுதுபவருக்குத்தான் உயர்ந்த மதிப்பெண். மூன்று, பதிவேட்டில் இருப்பதும் நடந்ததும் எப்போதும் ஒன்றல்ல. 2010ஐ மறந்துவிடாதீர்கள்.

ஆசிரியர்கள் வகுப்பில் கலந்துரையாட மூன்று கேள்விகள்:

1. 1895இல் கிளப்புகள் பிரிந்ததற்குப் பொருளாதாரக் காரணம் மட்டும் போதுமா? கௌரவம், வர்க்கம் ஆகியவற்றின் பங்கு என்ன?

2. 1997 போட்டி தோற்றதற்கு அணிகளின் தரவேறுபாடு காரணமா, போட்டி அமைப்பு காரணமா? சான்று காட்டி விளக்குக.

3. ‘ஒரே ஆட்டத்தில் உலகச் சாம்பியனைத் தீர்மானிக்கலாம்.’ இக்கூற்றை ஏற்கிறீர்களா?

மூன்றாவது கேள்விக்கு என் பதிலையும் சொல்லிவிடுகிறேன். அன்று, அந்தத் திடலில் யார் சிறந்தவர் என்பதை ஓர் ஆட்டம் தீர்மானிக்கும். அதற்கு மேல் அது சொல்வதாக நாம் நினைப்பதையெல்லாம் நாம்தான் நிரூபிக்க வேண்டும். உங்கள் பதில் வேறாக இருந்தால் நல்லது. காரணத்தோடு எழுதுங்கள்.