ஐடிலில் அணையும் பெட்ரோல் எஞ்சின்: காரணம் காணலும் களைதலும்

1. பொருளும் எல்லையும்

சிக்னலில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் எஞ்சின் அணைகிறது. சாவியைத் திருப்பினால் உடனே எழுகிறது. நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் அதே வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. இந்த முரணிலேயே நோயின் பாதி விவரம் கிடைத்துவிடுகிறது. ஐடிலில் மட்டும் தோன்றும் கோளாறுக்கு, ஐடிலில் மட்டும் முக்கியத்துவம் பெறும் பாகங்களையே முதலில் சந்தேகிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் கொண்ட எம்.பி.எஃப்.ஐ. பெட்ரோல் கார்களே இங்கு ஆய்வுப்பொருள். டீசலுக்கு இந்த முறை பொருந்தாது.

2. ஐடிலின் இயல்பு

சூடேறிய எஞ்சின் ஐடிலில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 700 முதல் 900 சுற்று சுழல்கிறது. அப்போது பிறக்கும் ஆற்றல் உள்உராய்வு, ஆல்டர்னேட்டர், ஏ.சி. கம்ப்ரசர் ஆகியவற்றுக்கே சரியாகிவிடும். கையிருப்பு அநேகமாக இல்லை. 750 சுற்றில் நான்கு சிலிண்டர் எஞ்சினில் நொடிக்கு 25 முறை தீப்பற்றுகிறது. மூன்று சிலிண்டரில் 19-க்கும் சற்றுக் குறைவு. எனவே மூன்று சிலிண்டர் கொண்ட சிறிய கார்களில் ஒரு சிலிண்டர் தவறினாலும் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

த்ராட்டில் தகடு அநேகமாக மூடியிருப்பதால், எஞ்சின் ஒரு மயிரிழை இடுக்கு வழியாகவே மூச்சு விடுகிறது. அந்த இடுக்கில் படியும் கரி ஐடிலைக் கெடுக்கும். தகடு அகலத் திறந்திருக்கும் நெடுஞ்சாலையில் அதே கரி ஒரு பொருட்டே அல்ல.

1983 டிசம்பரில் வந்த மாருதி 800-இல் கார்புரேட்டர் இருந்தது. ஸ்லோ (ஐடில் வேகம்) நிற்கவில்லை என்றால் ஸ்லோ ஸ்க்ரூவை அரைச் சுற்றுத் திருகினால் போதும். வண்டி நிற்காது, நோயும் போகாது. இன்று அந்த வேலையை ஐடில் வால்வும் மின்னணு த்ராட்டிலும் செய்கின்றன. நோயை மூடி மறைக்கும் பழக்கம் மட்டும் சில ஷெட்களில் இன்னும் மிச்சமிருக்கிறது.

3. அணையும் விதம்

கருவியைத் தொடுமுன் ஓட்டுநரிடம் கேட்க வேண்டியவை பல. ஏ.சி. போட்டதும் அணைகிறதா? அப்படியானால் சுமையை ஈடுகட்டக் காற்று கூடவில்லை. கரியோ ஐடில் வால்வோ காரணம். பிரேக் மிதித்தால் ஸ்லோ தடுமாறுகிறதா? பிரேக் பூஸ்டரின் டயஃப்ரம் கிழிந்திருக்கலாம். பெட்ரோல் நிரப்பிய கையோடு அணைந்தால் பர்ஜ் வால்வு மூடாமல் டேங்க் ஆவியை உள்ளே விடுகிறது என்று ஐயுறலாம். நன்றாகச் சூடானபின் அணைந்து, ஆறியபின் மட்டுமே எழும் வண்டியில் கிராங்க் சென்சாரைப் பார்க்க வேண்டும். இந்தச் சென்சாரின் பழுது ஐடிலில் மட்டுமல்ல, ஓட்டத்திலும் எஞ்சினை அணைக்கும். ஆகவே மிக ஆபத்தானது.

4. காற்றுப் பாதை

4.1 கரி. கிராங்க்கேஸ் புகையும் எண்ணெய் ஆவியும் சேர்ந்து தகட்டின் விளிம்பில் கறுப்பு வளையமாகப் படிகின்றன. பேட்டரியைக் கழற்றி மாட்டிய மறுநாள் வண்டி ஐடிலில் அணைந்தால் பலர் பேட்டரியைக் குறை சொல்கிறார்கள். உண்மையில், கரிக்கு ஏற்ப எஞ்சினின் கணினியான ஈ.சி.யூ. கற்று வைத்திருந்த ஈடு அழிந்து, மறைந்திருந்த கரி வெளிப்பட்டிருக்கும்.

4.2 திருட்டுக் காற்று. வெடித்த வேக்கூம் ஹோஸ், இறுகிப்போன மேனிஃபோல்ட் கேஸ்கட், கிராங்க்கேஸ் புகையை உள்ளே விடும் பி.சி.வி. வால்வின் பழுது ஆகியவை கணக்கில் வராத காற்றை உள்ளே விடும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. காற்றின் ஓட்டத்தை அளக்கும் எம்.ஏ.எஃப். எஞ்சினில் இக்கசிவு கலவையை மெலியச் செய்து அணைக்கும். அழுத்தத்தை அளக்கும் எம்.ஏ.பி. எஞ்சினிலோ கசிவும் அழுத்தமாகக் கணக்கில் சேர்ந்துவிடுவதால், பெரும்பாலும் ஸ்லோ உயரவே செய்யும். இந்த வேறுபாட்டை அறியாமல் எல்லா வண்டியிலும் ஹோஸைத் தேடுவது வீண்.

4.3 எரிந்த வாயுவைத் திருப்பி அனுப்பும் ஈ.ஜி.ஆர். வால்வு திறந்தே நின்றாலும் எஞ்சின் ஐடிலில் அணையும். அந்த வாயு புதுக்கலவையின் இடத்தைப் பிடித்துக்கொள்வதே காரணம்.

5. ட்ரிம் காட்டும் சான்று

ஸ்டியரிங்குக்குக் கீழுள்ள 16 பின் சாக்கெட்டில் ஸ்கேனரை மாட்டினால் பி0171 (மெலிந்த கலவை), பி0505 (ஐடில் கட்டுப்பாட்டுக் கோளாறு) போன்ற குறியீடுகள் கிடைக்கும். அவை தெருவின் பெயரைச் சொல்லும், வீட்டைச் சொல்லா. வீட்டைக் காட்டுவது ஃபியூவல் ட்ரிம், அதாவது கலவையைச் சரிசெய்ய ஈ.சி.யூ. கூட்டும் அல்லது குறைக்கும் எரிபொருளின் விழுக்காடு. எம்.ஏ.எஃப். எஞ்சினில் ஐடிலில் அது +20 விழுக்காடும், 2,500 சுற்றில் +4 விழுக்காடும் காட்டினால் காற்றுக் கசிவு. வேகம் கூட, கசிவின் பங்கு சுருங்கிவிடுகிறது. மாறாக, சுமையில் ட்ரிம் ஏறினால் பம்ப், ஃபில்டர், இன்ஜெக்டர் பக்கம் போகலாம். ஐடிலில் எதிர்மறையாக இறங்கினால் பர்ஜ் வால்வு, ஒழுகும் இன்ஜெக்டர்.

ஒரு எச்சரிக்கை: பெட்ரோலுக்கு உகந்த காற்று விகிதம் 14.7, எத்தனாலுக்கு 9. 20 விழுக்காடு எத்தனால் கலந்த இ20 நிரப்பிய பழைய காரில் ட்ரிம் சில விழுக்காடு மேலே நிற்பது இயல்பே. அதைக் கசிவென்று எண்ணி மேனிஃபோல்டைப் பிரிக்க வேண்டாம்.

ஸ்பார்க் பிளக்கோ இக்னிஷன் காயிலோ பழுதானால் பெரும்பாலும் சுமையிலும் திணறல் தெரியும். தீப்பற்றத் தவறிய (மிஸ்ஃபயர்) எண்ணிக்கையை ஸ்கேனரில் பார்த்து முடிவு செய்தால் போதும்.

6. சீர்செய்தல்

முதலில் த்ராட்டில் பாடி. எஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, துணியைக் கிளீனரில் நனைத்துத் துடைக்க வேண்டும். மின்னணு த்ராட்டிலின் தகட்டை விரலால் தள்ளினால் உள்ளே பல்சக்கரம் உடையக்கூடும். துடைத்தபின் தயாரிப்பாளர் சொன்ன முறையில் ஐடில் ரீலேர்ன் செய்தாக வேண்டும். இல்லையேல் பழைய கரிக்கான ஈடு நீடித்து, சுத்தமான வண்டி கூடுதல் சுற்றில் உறுமும்; உரிமையாளர் அதைப் புதுக் கோளாறென்று திரும்பிவருவார்.

கசிவைத் தேட ஸ்மோக் மெஷின் சிறந்தது. சூடான எஞ்சின் மேல் கிளீனர் தெளித்துத் தேடுவது தீவிபத்துக்கு அழைப்பு. மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சோதிப்பதும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை.

இந்த வரிசையில் பார்த்து முடிக்கும்வரை ஈ.சி.யூ.வை மாற்றச் சொல்லும் எவருக்கும் பணம் கொடுக்காதீர்கள். ஐடிலிலும் 2,500 சுற்றிலும் எடுத்த ட்ரிம் அளவை முதலில் கேளுங்கள்.