சோற்றுரிமையும் வாக்குரிமையும்

பசித்தவனுக்கு வாக்குரிமையால் ஆவது யாது என வினவுவாருமுளர். பேச உரிமையற்றவன் உண்ணும் சோறு அடிமைச் சோறன்றோ என வினவுவாருமுளர். மனித உரிமை பற்றி உலக அரசுகளிடையே எழுந்த பிணக்கிற்கு இவ்விரு வினாக்களே வேராகும்.

1948 ஆம் ஆண்டு டிசெம்பர் 10 ஆம் நாள், பாரிசு மாநகரிற் கூடிய ஐக்கிய நாடுகள் பொதுச்சபை மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. 48 நாடுகள் ஆதரித்தன. 8 நாடுகள் வாக்களியாதொழிந்தன. ஒழிந்தவற்றுள் ஆறு பொதுவுடைமை அரசுகளாம். மேலை அரசுகள் பேச்சு, சமயம், வாக்கு என்பனவற்றை முதன்மையாகக் கொண்டன. பொதுவுடைமை அரசுகள் தொழில், உணவு, கல்வி என்பனவற்றை முன்வைத்தன. இதனாலேயே 1966 இல் ஓர் உடன்படிக்கைக்குப் பதிலாக இரண்டு தோன்றின. ஐக்கிய அமெரிக்கா குடியியல், அரசியல் உரிமைகளுக்குரியதை 1992 இல் உறுதிப்படுத்தியது; மற்றையதை உறுதிப்படுத்திற்றிலது. சீனாவோ பொருளியல், சமூக உரிமைகளுக்குரியதை 2001 இல் உறுதிப்படுத்தி, மற்றையதைக் கையொப்பத்தோடு நிறுத்தியது.

இவ்விரு வகை உரிமைகளையும் பிரித்தல் இயலுமா? இலங்கை வரலாறு விடை பகர்கின்றது. இந்நாடு 1931 இல் சர்வசன வாக்குரிமை பெற்றது. 1945 இல் இலவசக் கல்வி பெற்றது. வாக்கை நாடிய ஆட்சியாளர் மக்களின் வயிற்றையும் கல்வியையும் நோக்க வேண்டியவராயினர். 1953 இல் கூப்பன் அரிசியின் விலை கொத்தொன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது நாடு கொதித்தெழுந்தது. ஓகஸ்ட் 12 ஆம் நாள் கர்த்தால் நிகழ்ந்தது. அரிசி வாணிகத்தாற் பெயர்பெற்ற புறக்கோட்டைக்கு அணித்தான துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலிலே மந்திரிசபை கூட நேர்ந்தது. ஒக்டோபரிற் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். வாக்குடையோரின் பசிக்கு அரசு அஞ்சிற்று.

மலையகத் தோட்டத் தொழிலாளர் நிலையோ வேறு. 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய அம்மக்களுட் பெரும்பாலோர், 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். 1949 ஆம் ஆண்டுத் தேர்தல் திருத்தச் சட்டத்தால் வாக்கிழந்தனர். நாட்டின் செல்வத்தைத் தம் உழைப்பாற் பெருக்கியோர், தம் கூலியையும் குடியிருப்பையும் பற்றிப் பாராளுமன்றிற் பேசுவாரின்றி நின்றனர். 1964 இல் இலங்கையும் இந்தியாவும் அவர்தம் கருத்தைக் கேளாமலே, 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிட்டன. எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலையை நீக்கும் சட்டம் 2003 இலேயே வந்தது.

1980 இல் இலங்கை இரு உடன்படிக்கைகளையும் ஏற்றது. எனினும் 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி, பேச்சுரிமை மீறப்படின் உயர் நீதிமன்றை நாடலாம். உணவு, உடை, உறையுள் என்பன அரசுக்குரிய வழிகாட்டு நெறிகளேயன்றி, நீதிமன்றில் வலியுறுத்தத் தக்கனவல்ல.

ஒன்றைத் தந்து மற்றதை மறுக்கும் அரசு இரண்டையுமே நிலையற்றதாக்குகின்றது. வாக்கில்லாதவன் சோற்றுக்குக் காவலில்லை. சோறில்லாதவன் வாக்கு விலைபோகாது நிற்பதும் அரிதே.