ஸ்கொட்லாந்துக் கதைப்பாடல் மரபும் பெண்களும்

ஸ்கொட்லாந்தின் கதைப்பாடல்களைக் கற்கப் புகுவோர் முதலிற் சந்திப்பது தொகுப்பாளர்களின் பெயர்களையே. வோல்டர் ஸ்கொட், ரொபேட் ஜேமிசன், அமெரிக்கப் பேராசிரியர் பிரான்சிஸ் சைல்ட் முதலியோர் அப்பாடல்களை நூலுருவில் உலகறியச் செய்தனர். ஆயின், இவர்தம் கைகளுக்கு அவை எவ்வாறு வந்தன என வினவுமிடத்து, அவ்வினா பல சந்தர்ப்பங்களிற் பெண்களிடமே இட்டுச் செல்கின்றது.

1747 இல் அபடீனிற் பிறந்த அன்னா கோர்டன், போக்லண்ட் பிரவுண் அம்மையார் எனப் பின்னர் அறியப்பட்டார். தந்தையார் கிங்ஸ் கல்லூரிப் பேராசிரியர். எனினும், அம்மையார் தமது பாடல்களை ஏட்டிலே கற்றாரல்லர். தாயும் தாயின் சகோதரியும் முதிய பணிப்பெண்ணும் பாடக் கேட்டுச் சிறுவயதிலேயே மனத்திற் பதித்துக் கொண்டார். 1802-03 இல் ஸ்கொட்டும் 1806 இல் ஜேமிசனும் வெளியிட்ட தொகுப்புகளுக்கு அவரது பாடங்கள் பெரிதும் உதவின. 305 கதைப்பாடல்களை வகைப்படுத்திய சைல்டும் அவற்றை உயர்வாக மதித்தார். கல்விமான்களின் இல்லத்திலும் வாய்மொழி மரபு அடுக்களை வழியாகவே உட்புகுந்தது என்பது இங்கு கவனிக்கத்தக்கது.

ஸ்கொட்டுக்குப் பாடல் அளித்த மற்றொருவர் மார்கரெட் லெயிட்லோ. இவர் எழுத்தாளர் ஜேம்ஸ் ஹொக்கின் தாயார். பாடல்கள் பாடுவதற்கென்றே ஆக்கப்பட்டவை; அச்சிட்டமையால் அவற்றின் உயிர் போயிற்று; அச்சிட்டவையும் திருத்தமாக அமையவில்லை என அவர் ஸ்கொட்டிடம் நேரிற் கண்டித்ததாக மகன் எழுதியுள்ளார். இதனை முதியவள் ஒருத்தியின் பிடிவாதமெனத் தள்ளிவிடுதல் தகாது. ஸ்கொட்டின் முதற்பதிப்பிலே சொற்கள் அச்சேறின, மெட்டுக்கள் இடம்பெறவில்லை. பாடுந்தோறும் மாறிவந்த பாடலுக்கு ஒரே வடிவம் விதிக்கப்பட்டது. அதேவேளை, அச்சினாற் பாடல் அழிந்துவிடவும் இல்லை. நூல் ஒருபுறம் இருக்க, மரபு தன்வழியே சென்றது.

இதற்கு வடகிழக்குப் பிரதேசம் சான்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆசிரியர் கவின் கிரெய்க்கும் மதகுரு ஜேம்ஸ் டங்கனும் அங்கு பாடல் திரட்டினர். அவர்களுக்குப் பெல் ரொபேட்சன் என்னும் மூதாட்டி வழங்கியவை ஏறத்தாழ 400. அவர் பாடகியல்லர், பாடல்களைச் சொல்லியே எழுதுவித்தார். ஆதலின், மெட்டுக்களைப் பிறரிடமிருந்தே பெறவேண்டியதாயிற்று. இத்திரட்டு 1981 தொடக்கம் 2002 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்தது.

ஹெப்ரிடிஸ் தீவுகளின் கேலிக் மொழிப் பாடல்களிலே உழைப்புக்கும் இசைக்குமுள்ள தொடர்பு வெளிப்படையானது. நெய்த கம்பளித் துணியை இறுக்கமாக்குதற்குப் பெண்கள் நீண்ட பலகையைச் சுற்றியமர்ந்து, நனைந்த துணியைத் தாளத்தோடு அடித்துச் சுற்றிக் கைமாற்றுவர். ஒருத்தி அடியெடுத்துப் பாட, ஏனையோர் பல்லவியைப் பாடுவர். காதலும் புலம்பலும் ஏளனமும் அப்பாடல்களில் இடம்பெற்றன. ஸ்கை தீவைச் சேர்ந்த பிரான்சஸ் டொல்மி திரட்டிய 105 பாடல்கள் 1911 இல் வெளியாயின. ஏறக்குறைய அதே காலத்தில் மார்ஜரி கெனடி-பிரேசர் இத்தீவுப் பாடல்களைப் பியானோ இசையுடன் மேடைக்கு ஏற்றவாறு மாற்றியமைத்தார். முன்னவர் பாடல்களைத் தாம் கேட்டவாறு காக்க முனைந்தார். பின்னவர் நகரத்துச் சுவைஞர்களை நோக்கினார்.

1951 இல் எடின்பரோப் பல்கலைக்கழகத்திலே ஸ்கொட்லாந்தியல் ஆய்வுப்பள்ளி நிறுவப்பட்டது. ஒலிப்பதிவுக் கருவியுடன் ஆய்வாளர் ஊரூராகச் சென்றனர். 1953 இல் ஹேமிஷ் ஹெண்டர்சன் அபடீனில் ஜீனி ரொபேட்சனைக் கண்டார். அவர் ஊர்மக்களால் இழிவாக நோக்கப்பட்ட நாடோடிச் சமூகத்தவர். தாயிடமிருந்து பாடல்களைப் பெற்றவர். அவர் குரலில், பழைமையானவையெனக் கருதப்பட்ட கதைப்பாடல்கள் சொல்லும் மெட்டும் பிரியாமல் ஒலித்தன. 1968 இல் அவருக்கு அரச விருது கிடைத்தது. மகள் லிசி ஹிக்கின்ஸும் புகழ்பெற்ற பாடகியானார். வாயிலில் நிறுத்தப்பட்ட சமூகமே தேசத்தின் செல்வத்தைக் காத்துவந்தது என்பது ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது.

இப்பெண்களைத் தொகுப்பாளர்க்குத் தகவல் தந்தவர்கள் என்று மாத்திரம் குறிப்பிடுதல் பொருந்தாது. எதைப் பாடுவது, எதை விடுவது, யாருக்குக் கற்பிப்பது என்பவற்றைத் தலைமுறைதோறும் தீர்மானித்தவர்கள் அவர்களே. ஹொக்கின் தாயார் வேண்டிய மெட்டினை ஒலிநாடா ஓரளவு மீட்டளித்தது. பாடியவளின் பெயரைப் பாடலோடு சேர்த்து நிலைநாட்டுவது ஆய்வாளரின் கடனாகும்.