எலியின் கொள்ளுப்பேரன்

மகன், பேரன், கொள்ளுப்பேரன், எள்ளுப்பேரன் என்று வம்சத்தைக் கீழ்நோக்கி எண்ணுவது நம் வழக்கம். நச்சியல் ஆய்வகத்தில் இதே வரிசை எஃப்1, எஃப்2, எஃப்3, எஃப்4 என்று எழுதப்படுகிறது. பிள்ளையைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் முதலெழுத்தே அந்த எஃப். மெண்டலின் விதிகளை விளக்கப் புகுந்த வில்லியம் பேட்சன் 1902இல் இக்குறியீட்டைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். மொழியியலிலிருந்து அறிவியல் வரலாற்றுக்குள் எட்டிப் பார்ப்பவர்களுக்குக் கலைச்சொற்கள்தாம் முதலில் கண்ணில் படும். எனக்கு இதில் பட்டது ஒரு சிறு குழப்பம். ‘தலைமுறை’ என்ற ஒரே சொல் இருவேறு கேள்விகளுக்குப் பயன்பட்டிருக்கிறது. அந்த இரண்டையும் பிரித்துக் காட்ட ஒரு பூஞ்சைக்கொல்லி தேவைப்பட்டது.

முதலில் எலி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிலடெல்பியாவின் விஸ்டார் நிறுவனத்தில் வெள்ளெலி ஆய்வுக்கான திட்டமிட்ட விலங்காக உருப்பெற்றது. அங்கே ஹெலன் டீன் கிங் உடன்பிறந்த எலிகளையே மீண்டும் மீண்டும் இணைசேர்த்து, இருபதுக்கும் மேற்பட்ட தலைமுறைகளின் எடையையும் கருவளத்தையும் பதிவு செய்தார். பெர்க்லியில் ஜோசப் லாங்கும் ஹெர்பர்ட் எவன்சும் விஸ்டார் வெள்ளெலியைக் காட்டெலியுடன் கலந்து ஓர் இனத்தை உருவாக்கினர். பெண் எலியின் சூல்சுழற்சி நான்கைந்து நாட்களுக்கு ஒருமுறை வருவதை 1922இல் விரிவான நூலாகவும் வெளியிட்டனர். எலியின் சினைக்காலம் மூன்று வாரத்துக்குச் சற்று மேல். குட்டி இரண்டு மாதத்தில் பருவமெய்திவிடும். மனிதரில் ஒரு நூற்றாண்டு பிடிக்கும் நான்கு தலைமுறையை ஓர் ஆய்வாளர் தம் முனைவர் பட்டக் காலத்துக்குள்ளேயே பார்த்துவிடலாம். (பட்டக் காலம் நீள்வதைப் பார்த்தால் எட்டுத் தலைமுறைகூடப் பார்க்கலாம்.)

1961இல் தாலிடோமைடு பேரிடர் வெளிப்பட்ட பிறகு, கருவைப் பாதிக்கும் வேதிப்பொருள்கள் பற்றிய அச்சம் மருந்துகளோடு நிற்கவில்லை. கேப்டான், ஃபோல்பெட் ஆகிய பூஞ்சைக்கொல்லிகளின் மூலக்கூற்றமைப்பில் தாலிடோமைடின் சாயல் இருந்ததால் அவையும் 1960களில் கருச்சோதனைக்கு உள்ளாயின. உணவில் எஞ்சி நிற்கும் பூச்சிக்கொல்லிகளுக்கு அமெரிக்காவில் அப்போது மூன்று தலைமுறைச் சோதனை வழக்கில் இருந்தது. ஒவ்வொரு தலைமுறையிலும் இரண்டு ஈற்று எடுத்து, இரண்டாம் ஈற்றிலிருந்து அடுத்த பெற்றோரைத் தேர்ந்தெடுப்பார்கள். பின்னர் மூன்று இரண்டாகக் குறைந்தது. பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு 1983இல் வகுத்த 416ஆம் நெறிமுறை இரண்டு தலைமுறையோடு நின்றுவிட்டது.

இரண்டும் எளிதல்ல. மூன்று அளவுநிலைகளும் ஒரு கட்டுப்பாட்டுக் குழுவுமாக நான்கு குழுக்கள். ஒவ்வொன்றிலும் கருவுற்ற தாய்கள் இருபதேனும் வேண்டும். ஒரு ஈற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு குட்டி என்று கணக்கிட்டால் ஒரே வேதிப்பொருளுக்கு இரண்டாயிரம் எலிகள் ஆகின்றன. இணைசேர்வதற்குப் பத்து வாரம் முன்பே தொடங்கி, தாய், தந்தை, குட்டி எல்லாருக்கும் இடைவிடாமல் நஞ்சு கலந்த தீவனமே கிடைக்கும். ஆகவே இச்சோதனை கேட்ட கேள்வி, ‘நஞ்சுக்குள்ளேயே வாழும் ஓர் உயிரால் வம்சத்தைத் தொடர முடிகிறதா?’ என்பதுதான். நஞ்சு நின்ற பிறகும் அதன் தடம் வம்சத்தில் தொடருமா என்ற கேள்வியை அது கேட்கவே இல்லை; அதன் வடிவமைப்பில் அதற்கு இடமும் இல்லை.

இந்தப் பின்னணியில்தான் வின்க்ளோசோலின் வருகிறது. திராட்சை, ஸ்ட்ராபெரி, லெட்டூஸ் போன்ற பயிர்களில் சாம்பல் அழுகலைத் தடுக்க பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் விற்ற பூஞ்சைக்கொல்லி அது. 1994இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையைச் சேர்ந்த ஏர்ல் கிரே குழுவினர், லாங்கும் எவன்சும் உருவாக்கிய அதே இனத்து எலிகளுக்குச் சினையின் 14ஆம் நாள் முதல் ஈன்ற மூன்றாம் நாள் வரை மட்டும் இதைக் கொடுத்தனர். ஆண் கருவின் பாலுறுப்புகள் உருப்பெறும் காலம் அது. பிறந்த ஆண் குட்டிகளில் மலவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் இடையிலான தூரம் பெண் குட்டிகளுக்கு உள்ளதுபோல் சுருங்கியிருந்தது. இயல்பான ஆண் எலிக்கு முலைக்காம்பு இராது, இவற்றுக்கு இருந்தது. சிறுநீர்த் துளை இடம் மாறியிருந்தது. உடலில் இந்த மருந்து சிதைந்து உண்டாகும் இரு பொருள்கள் ஆண்ட்ரோஜன் ஏற்பியில் அமர்ந்துகொண்டு இயல்பான ஹார்மோனை உள்ளே விடாமல் தடுக்கின்றன என்று வில்லியம் கெல்ஸ் முதலியோர் அதே ஆண்டில் காட்டினர். செல்லைக் கொல்லாமல் சைகையை மட்டும் மறிக்கும் நஞ்சு இது.

விளைவுகளும் இருந்தன. 1998இல் அமெரிக்காவில் ஸ்ட்ராபெரிக்கான பயன்பாடு கைவிடப்பட்டது. 2000இல் வந்த மறுமதிப்பீட்டை அடுத்து, பெரும்பாலான உணவுப்பயிர்ப் பயன்பாடுகளைப் படிப்படியாக நிறுத்த ஒப்புக்கொள்ளப்பட்டது. 2001இல் 416ஆம் நெறிமுறை திருத்தப்பட்டபோது விந்தணு அளவீடுகள், சூல்சுழற்சி, பருவமெய்தும் நாள் ஆகியவை சேர்ந்தன. எத்தனை குட்டி பிறந்தது என்று எண்ணுவதோடு நில்லாமல், பிறந்த குட்டி எப்படி வளர்கிறது என்று பார்க்கத் தொடங்கிய இந்த மாற்றத்தைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். பரபரப்பாகப் பேசப்படுவது என்னவோ அடுத்து வந்த கட்டுரைதான்.

2005 ஜூனில் சயன்ஸ் இதழில் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஸ்கின்னர் குழு எழுதிய கட்டுரை அது. சினை எலிக்குச் சில நாட்கள் மட்டும் வின்க்ளோசோலினை வயிற்றறையில் ஊசி வழியே செலுத்தினர். அதன்பின் எந்தத் தலைமுறைக்கும் நஞ்சு இல்லை. ஆயினும் எஃப்1 முதல் எஃப்4 வரை ஏறத்தாழ எல்லா ஆண் எலிகளிலும் விந்தணு உற்பத்தி குன்றியிருந்தது என்றும், காரணம் டி.என்.ஏ.வின் எழுத்துவரிசை மாற்றமல்ல, அதன்மேல் அமையும் மெத்தில் குறிகளாக இருக்கக்கூடும் என்றும் அவர்கள் எழுதினர்.

எண்ணிக்கையின் தொடக்கப்புள்ளி இங்கேதான் முக்கியமாகிறது. சினை எலிக்கு ஊசி போடும்போது நஞ்சைப் பெறுவது தாய் மட்டுமன்று; வயிற்றிலிருக்கும் மகனும் பெறுகிறான். அந்த மகனின் உடலுக்குள் இனச்செல்கள் அப்போதே இருக்கின்றன. நாளைய பேரன் அவற்றிலிருந்துதான் வருவான். அவனும் நேரடியாக நஞ்சு பட்டவனே. நஞ்சே படாத முதல் உயிர் கொள்ளுப்பேரன், அதாவது எஃப்3. அங்கும் விளைவு தெரிந்தால் மட்டுமே அதை ‘தலைமுறை கடந்தது’ என்று சொல்ல முடியும். பேரன் வரையில் தெரிவது ‘பல தலைமுறை’ விளைவு மட்டுமே. சினையில்லாத பெண்ணுக்கோ ஆணுக்கோ நஞ்சு கொடுத்திருந்தால் கணக்கு ஒரு படி மேலேறி எஃப்2இலேயே தொடங்கும்.

கட்டுரையின் முடிவு அத்தனை உறுதியாக நிற்கவில்லை. பி.ஏ.எஸ்.எஃப். ஆய்வாளர்கள் 2008இல் வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தும், ஜப்பானில் ஒரு குழு 2009இல் முயன்றும் அத்தகைய விளைவு கிடைக்கவில்லை. வாய்வழியும் ஊசிவழியும் ஒன்றா என்ற வாதம் எழ, 2013இல் பி.ஏ.எஸ்.எஃப். ஊசிவழியிலும் செய்து இல்லையென்றது. விற்ற நிறுவனமே மறுப்பதை ஐயத்தோடு படிப்பது நியாயந்தான். ஆனால் மறுபக்கத்திலும் ஒரு கறை உண்டு: ஸ்கின்னர் ஆய்வகத்திலிருந்து இதே பொருளில் 2006இல் வந்த இன்னொரு கட்டுரை, தரவுப் புனைவு தெரியவந்ததால் 2009இல் திரும்பப் பெறப்பட்டது. 2005ஆம் ஆண்டுக் கட்டுரை திரும்பப் பெறப்படவில்லை. அந்த ஆய்வகம் தொடர்ந்து அதே திசையில் எழுதியும் வந்தது. கொடுத்த அளவும், உணவின் வழி மனிதருக்கு எட்டும் அளவைவிட மிகப் பெரியது. எனவே இந்த எலிகளைக் கொண்டு நம் கொள்ளுப்பேரர்களைப் பற்றி ஆரூடம் சொல்வோரோடு எனக்கு உடன்பாடில்லை. எஃப்3 வரை வளர்த்துப் பார்க்காமல் இக்கேள்வியைத் தீர்க்க முடியாது என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

ஒழுங்குமுறைச் சோதனையோ எதிர்த்திசையில் நடந்திருக்கிறது. 2011இல் ஏற்கப்பட்ட 443ஆம் நெறிமுறை, ‘விரிவாக்கப்பட்ட ஒரு தலைமுறைச் சோதனை’. எஃப்1 குட்டிகளின் நரம்பு மண்டலம், நோய் எதிர்ப்பு, ஹார்மோன் எனப் பலவற்றை முன்னைவிட ஆழமாக ஆராய்கிறது. நூற்றுக்கணக்கான விலங்குகளின் உயிரும் மிஞ்சுகிறது. எஃப்2 கட்டாயமில்லை, முந்தைய தரவுகளில் ஐயம் எழுந்தால் மட்டும் வளர்க்கலாம். வளர்த்தாலும் பால்மறக்கும் பருவத்தைத் தாண்டி அவற்றின் வாழ்க்கை நீள்வதில்லை. அந்தப் பேரனுக்குப் பிள்ளை பிறக்கும்படி கேட்கும் பத்தி எதுவும் நெறிமுறையில் இல்லை.