கேஷியரின் விரலடியில் ஒரு தீவு

வங்கியில் கேஷியர் நோட்டு எண்ணுமுன் விரலை நனைத்துக்கொள்வாரே, வட்டக் கிண்ணத்தில் ஈரமாகக் கிடக்கும் ஸ்பாஞ்ச், அதன் மூதாதை கடற்பஞ்சு என்னும் ஒரு கடலுயிர். பெயரும் கடல் தாண்டி வந்ததுதான். கிரேக்கத்து ஸ்போங்கோஸ் லத்தீனுக்குப் போய், ஆங்கிலத்தில் நுழைந்து, நம் வீட்டுப் பாத்திரத் தொட்டிவரை வந்துவிட்டது.

ஹோமரின் ஒடிசியில் விருந்து மேசைகளைத் துடைப்பது கடற்பஞ்சுதான். தலைக்கவசத்தின் உள்ளே அதை மெத்தையாக வைத்ததாக அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். ரோமானியர்கள் குச்சி நுனியில் கட்டிப் பொதுக் கழிப்பறையில் வைத்தார்கள். எதற்கென்று விளக்க வேண்டாம். மை எழுத்தை அழிக்கவும் அதுவே உதவியது. பேரரசர் அகஸ்டஸ், அயாக்ஸ் என்ற வீரனைப் பற்றி நாடகம் எழுதத் தொடங்கி, பிடிக்காமல் அழித்துவிட்டார். உங்கள் அயாக்ஸ் என்ன ஆனான் என்று நண்பர்கள் கேட்க, ஸ்பாஞ்சின் மேல் விழுந்துவிட்டான் என்றாராம். கதைப்படி அயாக்ஸ் விழுந்து செத்தது தன் வாளின் மேல்!

கடற்பஞ்சைக் கடலடியிலிருந்து அறுத்து வந்தவர்களில் பேர்போனவர்கள் துருக்கிக் கரையை ஒட்டிய காலிம்னோஸ், சிமி ஆகிய கிரேக்கத் தீவுகளின் ஆட்கள். பாறை நிலம், விளைச்சல் சொற்பம். குளியாள் ஸ்காண்டலோபெத்ரா என்னும் தட்டைக் கல்லை இரு கையாலும் பிடித்தபடி, உடம்பில் துணியில்லாமல், ஒரே மூச்சில் பாய்வார். கல் கீழே கொண்டுபோகும். அறுத்து முடித்ததும் படகிலிருப்பவர் கயிற்றை இழுப்பார்.

1863இல் சிமிக்கு ஒரு விசித்திரம் வந்து இறங்கியது. உலோகத் தலைக்கூடு, காற்றுப் புகாத உடை, மேலிருந்து காற்றடிக்கும் பம்பு. லண்டனில் ஆகஸ்டஸ் சீபெ 1830களில் உருவாக்கிய உடை அது. குளியாட்கள் தொடவே தயங்கினார்கள். கொண்டுவந்த ஃபோதிஸ் மாஸ்தோரிதிஸ், தன் மனைவி எவ்கேனியாவுக்கே மாட்டித் துறைமுகத்தில் இறக்கிக் காட்டினார் என்று தீவில் சொல்வார்கள். அதற்குப் பிறகு ஆண்கள் கரையில் நிற்க முடியுமா?

பணம் கொழித்தது. கூடவே ஒரு நோயும் வந்தது. ஆழத்தில் வெகுநேரம் இருந்துவிட்டு விரைவாக மேலே வந்தால், உடம்பில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகும். பலர் செத்தார்கள், இன்னும் பலருக்குக் கால்கள் செயலிழந்தன. காரணத்தை 1878இல் பிரான்சில் போல் பெர் என்ற விஞ்ஞானி விளக்கிவிட்டார். எத்தனை நிமிடம் இருந்தால் எவ்வளவு மெதுவாக ஏற வேண்டும் என்ற விஞ்ஞானி ஹால்டேனின் அட்டவணை வந்ததோ 1908இல்தான். இடையில் போன கால்களுக்கு யார் பொறுப்பு?

இதற்கு நடுவே 1900இல், புயலுக்கு ஒதுங்கிய சிமிக் குளியாட்கள் ஆன்டிகிதெரா தீவருகே பஞ்சு தேட இறங்கினார்கள். கிடைத்தது வெண்கலக் கை. தொடர்ந்து தோண்டியதில் ஒரு பழங்காலக் கப்பலும், கோள்களின் போக்கைக் கணிக்கும் பற்சக்கரக் கருவியும் வெளிவந்தன. அந்த வேலையிலும் ஒருவர் இறந்தார்.

வியாபாரம் அட்லாண்டிக்கைத் தாண்டியது. ஃப்ளோரிடாவில் படகிலிருந்தபடியே கொக்கியால் பஞ்சு பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஜான் கோகோரிஸ் என்ற கிரேக்கர் 1905இல் தீவுக் குளியாட்களை உடையோடு டார்பன் ஸ்பிரிங்ஸுக்கு வரவழைத்தார், ஊரே கிரேக்கமயமானது. இன்றும் ஜனவரி 6 அன்று அங்கே கிரேக்கத் திருச்சபை விழாவில் நீரில் எறியும் சிலுவைக்காகப் பையன்கள் குதிக்கிறார்கள். பிறகு கடலில் நோய் பரவிப் பஞ்சு மடிந்தது. தொழிற்சாலையில் செய்த போலி அந்த இடத்தைப் பிடித்தது. கேஷியரின் கிண்ணத்திலிருப்பது அநேகமாக அந்தப் போலிதான்.

காலிம்னோஸில் மிகானிகோஸ் என்றொரு நடனம் உண்டு. உடை மாட்டி இறங்கும் குளியாளுக்கும் அதே பெயர்தான். கைகோத்து வரிசை நிமிர்ந்து ஆடும். முன்னால் போகிறவர் மட்டும் கைத்தடி ஊன்றி, கால்கள் வெடவெடக்கத் தடுமாறுவார். அங்கே போக வாய்த்தால், வாத்தியக்காரர்களை அல்ல, அந்தக் கால்களைப் பாருங்கள்.