கடல்வழியும் வான்வழியும்

நம் காலனித் தமிழ்க் குடும்பங்களுள் வளைகுடா நாடுகளில் பிள்ளையோ மருமகனோ இல்லாத இல்லங்கள் சிலவே. ஆண்டிற்கு இருமுறையேனும் வீட்டில் ஒரு பெட்டி கட்டப்படுகிறது. கட்டி முடித்ததும் எழும் வினா ஒன்றே: விமானத்தில் அனுப்புவதா, கப்பலில் அனுப்புவதா? இவ்வினாவிற்கு விடை காண நாம் வெகுதொலைவு செல்ல வேண்டுவதில்லை. நாம் வந்து குடியேறிய அமரவிளையைச் சூழ்ந்த நாட்டின் வரலாறே அதற்கு விடை கூறும். விழிஞம் துறைமுகமும் திருவனந்தபுரம் விமான நிலையமும் இங்கிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ளன.

இவ்விரண்டனுள் விழிஞமே மூத்தது. ஆய் வேளிரின் துறைமுகமாக அது விளங்கிற்று. பாண்டியரும் சோழரும் அதனைக் கைக்கொள்ளப் போர் புரிந்த செய்தியைச் செப்பேடுகளும் கல்வெட்டுகளும் உரைக்கின்றன. கி.பி. எட்டாம் நூற்றாண்டளவினதாகக் கருதப்படும் சிறு குடைவரைக் கோயில் ஒன்று இன்றும் அங்கே பழமைக்குச் சான்றாக நிற்கின்றது. பேரரசர் இருவர் ஒரு கடற்றுறைக்காகப் பொருதனர் எனின், அத்துறையின் வாணிகச் சிறப்பிற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

அந்நாளில் கப்பலின் போக்கைப் பருவக்காற்றே வகுத்தது. தென்மேற்குக் காற்றில் வந்த மரக்கலம், வடகிழக்குக் காற்று எழும்வரை காத்திருந்தே திரும்பிற்று. திங்கள் பல கழியினும் மலைநாட்டு மிளகு கெட்டுவிடவில்லை. நன்கு உலர்ந்த மிளகு காத்திருக்கும். ஆனால் மல்லிகை காத்திராது. கடல் வாணிகம் அக்காலத்தில் எப்பொருளால் செழித்தது என்பதற்கும், எப்பொருளைத் தொடவே இயலாதிருந்தது என்பதற்கும் இஃதொன்றே காரணம்.

பின்னர் நீராவிக் கப்பல் காற்றின் தயவை நீக்கிற்று. 1869 நவம்பரில் திறக்கப்பெற்ற சூயெஸ் கால்வாய், இலண்டனுக்கும் பம்பாய்க்கும் இடையே 4,000 கடல் மைலுக்கு மேல் குறைத்தது. எனினும் வாரக் கணக்கில் நீளும் பயணம் நாட்கணக்கில் முடியுமாறு செய்யக் கப்பலால் இயலவில்லை.

அதனைச் செய்ய வந்தது ஆகாய விமானம். 1935இல், திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் ஆட்சியில், டாட்டா நிறுவனத்தின் சிறு விமானம் ஒன்று பம்பாயிலிருந்து தபாலுடன் திருவனந்தபுரத்தில் வந்திறங்கிற்று. அது சுமந்து வந்தது மிளகு மூட்டையன்று, கடிதப் பை. எடை சிறிது, ஆயினும் காலத்தோடு சென்றடையாவிடில் பயன் குன்றும் பொருள். வான்வழி எதற்கென ஏற்பட்டது என்பதை அம்முதற் பயணமே அறிவித்துவிட்டது.

இருபத்தொரு ஆண்டுகள் கழித்து, 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. தோவாளை முதலிய நான்கு தாலுகாக்கள் தமிழகத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆரல்வாய்மொழியில் இருந்த எல்லை களியக்காவிளைக்கு வந்தது. தோவாளைப் பூவும் குமரி மாவட்டத்துக் காய்கறியும் அவ்வெல்லையைத் தாண்டி, நம் ஊர்ச் சாலை வழியாகவே திருவனந்தபுரம் சென்றன. அமரவிளைச் சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசையாகக் காத்து நின்றதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். 2017இல் சரக்கு சேவை வரி வந்தபின் வணிகவரிச் சாவடியின் காத்திருப்பு ஒழிந்தது. வானில் மிச்சமாகும் நேரத்தைத் தரையில் இழந்தால் யாது பயன்?

அதே 1956இன் ஏப்ரலில் அமெரிக்காவில் ஒரு கப்பல் 58 அலுமினியப் பெட்டிகளை ஏற்றிப் புறப்பட்டது. மூட்டை மூட்டையாக ஏற்றி இறக்கிய வழக்கத்தை அப்பெட்டி மாற்றிற்று. கடற்கூலி பெரிதும் தாழ்ந்தது. 2025 ஜூனில் நம் விழிஞத்தில் வந்து நின்ற 'எம்.எஸ்.சி. ஐரினா' என்னும் கப்பல், இருபதடிப் பெட்டிக் கணக்கில் 24,346 கொள்ளத்தக்கது! கரையருகே 18 மீட்டருக்கு மேற்பட்ட இயற்கை ஆழமும், உலகக் கப்பல் நெறிக்கு ஏறத்தாழ 10 கடல் மைல் அண்மையும் ஆய் வேளிரின் துறைக்கு மீண்டும் வாழ்வளித்தன.

இன்று உலக வாணிகத்தின் அளவில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் கடலிலேயே செல்கின்றது. விமானம் சுமப்பது எடையில் நூற்றுக்கு ஒன்றும் தேறாது. மதிப்பிலோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. யாம் பணியாற்றும் இரயில்வேயிலும் பார்சலுக்கு ஒரு வழக்கு, கூட்ஸ் வண்டிக்கு ஒரு வழக்கு உண்டு. இரண்டையும் பகையென எவரும் கருதுவதில்லை.

பெட்டி கட்டுவோர் அறிய வேண்டிய கணக்கு ஒன்றுண்டு. விமானச் சரக்கில் இடத்திற்கும் கூலி உண்டு. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 6,000ஆல் வகுப்பது பொதுவழக்கு. 60, 50, 40 அளவுள்ள பெட்டியின் உண்மை எடை 8 கிலோவாயினும், கூலி 20 கிலோவுக்கே. ஆதலின் மெத்தையும் பாத்திரமும் கப்பலுக்கு உரியன; மருந்தும், சான்றிதழும், விரைவில் கெடும் பண்டமும் விமானத்திற்கு உரியன.

இத்துடன் கணக்கு முடிந்ததா எனின், இல்லை. கூலிச் சீட்டில் எழுதப்படாத விலையும் ஒன்றுண்டு. விமானம் ஒரு டன் சரக்கிற்கு வெளியிடும் கரியமிலவாயு கப்பலினும் பன்மடங்கு. கடலின் விலையையோ கரையோர மக்கள் செலுத்துகின்றனர். கரை அரிக்கப்படுகிறது என 2022இல் விழிஞத்து மீனவர் பல திங்கள் போராடினர். 2025 மே மாதம் விழிஞத்திலிருந்து கொச்சி நோக்கிச் சென்ற 'எம்.எஸ்.சி. எல்சா 3' 640 பெட்டிகளோடு மூழ்கிற்று. அதிலிருந்த பிளாஸ்டிக் மணிகள் திருவனந்தபுரக் கடற்கரையில் வந்து ஒதுங்கின. நம் பெட்டி மலிவாகச் சென்றதற்கு வலை விரிக்கும் எளியவர் ஈடு கொடுத்தல் முறையாகுமா?

ஆதலின், 'எது மலிவு?' என்பதன்முன் 'இப்பொருள் காத்திருக்குமா?' என வினவுவோம். காத்திருக்கும் பொருளைக் கடலுக்கு விடுவோம். காத்திராததை மட்டும் வானுக்கு அளிப்போம். இருவழியும் தொடங்கும் இம்மண்ணில் பிழைக்க வந்த நாம், அக்கரையை நமக்கும் உரியதெனக் கருதிக் காப்பதும் நம் கடனேயாம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!